ஓரத்துச் சிற்றெழுத்து

சப்பானியச் சிறுவர் நூலொன்றைத் திறப்பார் கண்ணில் விரைந்து படுவன, மேலிருந்து கீழாக இறங்கும் எழுத்து வரிசையின் வலப்புறத்தே, தாய்ப்பசுவை ஒட்டி நடக்கும் கன்றுபோல் உடன்வரும் சிற்றெழுத்துகளாகும். அவற்றைப் 'புரிகானா' என்பர். ('புரி' என்னும் ஒலியைக் கேட்டவுடனே தமிழொடு உறவு கற்பித்து மகிழ்வாரும் உளராகலாம், ஆங்கு அதற்கு 'இடுதல்' என்பதே பொருள்.) அருகிலுள்ள சீனவெழுத்தை எவ்வாறு ஒலிப்பதென்று காட்டுவதே அவற்றின் தொழில்.

இத்துணை எற்றுக்கு? நெடுங்கணக்கு அறிந்த தமிழ்க் குழவி எந்நூலையும் வாய்விட்டுப் படித்துவிடும். சப்பானியக் குழவிக்கு அப்பேறு இல்லை. கானா என்னும் அசையெழுத்துகளைச் சில திங்களில் கற்றுவிடலாம். சீனத்தினின்று கடன்கொண்ட எழுத்துகளோ முதல் வகுப்பில் 80, தொடக்கப்பள்ளியின் ஆறாண்டும் முடியுங்கால் 1,026, பொது வழக்கிற்கென அரசு வகுத்த பட்டியலில் 2,136. ஓரெழுத்துக்கு ஓரொலி என்னும் வரையறையும் இல்லை. வாழ்தல், பிறத்தல், பச்சையாயிருத்தல் ஆகியவற்றைக் குறிக்கும் ஓரெழுத்தையே பத்துக்கு மேற்பட்ட முறையில் ஒலிக்கின்றனர். மலையைக் குறிக்கும் எழுத்து ஓரிடத்தில் 'சன்' எனச் சீன வழியிலும், பிறிதோரிடத்தில் 'யாமா' என அம்மக்களின் சொந்தச் சொல்லாகவும் நிற்கும். கடன்கொண்ட உடைக்குள் தாய்மொழிச் சொல் மூச்சுவிடுவதைச் சிறுவர்க்குக் காட்டுவது அச்சிற்றெழுத்தே.

இதனை ஒழிக்க வேண்டுமென்று 1938-இல் எழுத்தாளர் யாமாமோட்டோ யூசோ வற்புறுத்தினார். தம் எழுத்தைப் படிக்கப் பக்கத்தில் வேறெழுத்தை இட்டுக்கொள்வது நாகரிக நாட்டுக்கு இழுக்கு, சிறுவர் கண்ணுக்கும் கேடு, அது வேண்டாதவாறு எளிய சொற்களால் எழுதுக என்பது அவர் கொள்கை. இதன் பிற்பகுதி தலைவணங்கத்தக்கது. செவிக்கு விளங்காத சீனச் சொற்களை அடுக்கிவிட்டு ஓரத்தில் ஊன்றுகோல் நடுவதினும் தம் சொல்லால் எழுதுவது மேலன்றோ! ஆயின் நடந்தது வேறு. போருக்குப் பின் 1946-இல் 1,850 எழுத்துகளைப் பட்டியலிட்ட அரசு, சிற்றெழுத்தைப் பொதுவாகப் பயன்படுத்தலாகாது எனவும் குறித்தது. சுவரைச் சிறிது குறைத்து, ஏணியை எடுத்துவிட முனைந்தனர். பட்டியலில் இல்லாத எழுத்துக்கு மாற்றாகக் கானாவை இட்டு, ஒரு சொல்லையே பாதி சீனவெழுத்திலும் பாதி கானாவிலும் எழுதும் அலங்கோலம் நாளிதழ்களில் புகுந்தது. 1981-இல் வந்த பட்டியல் கட்டளையாக அன்றி வழிகாட்டியாகவே அமைந்தது. சிறுவர்க்கான படக்கதை இதழ்களில் இன்றும் சீனவெழுத்துகளின் பக்கத்தே சிற்றெழுத்து நிற்கிறது.

அம்மொழி கற்கும் அயலார்க்கு நேரும் மயக்கம் ஒன்றுண்டு. குழவிநூல் எளிதெனக் கருதிச் சீனவெழுத்தே இல்லாத மழலை நூலை முதலில் எடுப்பர், எடுத்துத் திகைப்பர். 'கமி' என்னும் ஒலி கடவுளையும் தாளையும் தலைமயிரையும் குறிக்கும். சீனவெழுத்தால் தெளியும் வேறுபாடு கானாவில் மறைந்துபோம். அன்றியும், சப்பானியக் குழவி பேசிப் பழகியபின் நூலுக்கு வருகிறது. அயலாரோ நூல்வழியே பேச்சுக்கு வருகின்றனர். சலசல, கலகல என்பனபோலும் ஒலிக்குறிப்புகள் அந்நூல்களில் மலிந்து கிடக்கும். வீட்டில் செவிவழி வந்தார்க்கன்றி அகரமுதலி பார்ப்பார்க்கு அவை எளிதில் வசப்படா.

ஆதலின் அயலார்க்கெனவே படிநிலை நூல்கள் எழுந்தன. தொடக்கப்படியில் ஏறத்தாழ 350 சொற்களே. சீனவெழுத்துக்குச் சிற்றெழுத்துத் துணையுண்டு. 'ததோக்கு', அஃதாவது மிகுதியாகப் படித்தல், என்னும் அம்முறையினர் எளியதில் தொடங்கு, அகரமுதலியைத் தொடாதே, விளங்காததைத் தாண்டு, சலித்தால் வேறு நூலை எடு என்கின்றனர். புலவர் சிலர்க்கு இது சோம்பலாகத் தோன்றக்கூடும். அளந்திட்ட சொற்களால் சமைத்த உணவில் சுவை குறைவுதான். எனினும் பசித்தவனை நடக்கவைக்கும் அளவுக்கு அது போதும்.

நடந்து சேருமிடமோ பெரிது. சுசுக்கி மியேகிச்சி 1918-இல் தொடங்கிய 'அக்காய் தோரி' (செம்பறவை) என்னும் சிறுவர் இதழில் அந்நாட்டின் தலைசிறந்த எழுத்தாளர் எழுதினர். சிறுவர்க்கென்று தாழ்ந்த சரக்கு தரவில்லை. 1932-இல் அவ்விதழில் வந்த நீமி நான்கிச்சியின் 'கோன்' என்னும் நரிக்கதை நான்காம் வகுப்புப் பாடநூல்களில் நெடுங்காலமாக இடம்பெற்று வருகிறது. தான் செய்த குறும்புக்கு வருந்தி, தாயை இழந்த உழவன் வீட்டில் கொட்டைகளையும் காளான்களையும் மறைவாக வைத்துச் செல்கிறது அந்நரி. அறியாத உழவன் அதனைச் சுட்டு வீழ்த்துகிறான். பத்து அகவைச் சிறுவனும் மொழி கற்கவந்த முப்பது அகவை அயலானும் அப்பக்கத்தில் ஒருங்கே வந்து நிற்கின்றனர். இருவரும் ஓரத்துச் சிற்றெழுத்தைப் பார்த்தே, சுட்டபின் உழவன் கேட்கும் வினாவைப் படிக்கின்றனர்.