ஐந்து வரியில் சிரிக்கட்டுமே!

ஆங்கிலப் பாடத்தில் 'லிமரிக்' எழுதி வரச் சொன்னால், பல வீடுகளில் அதை எழுதுவது குழந்தை இல்லை. அப்பாவோ, அக்காவோ, அதுவும் இல்லாவிட்டால் கம்ப்யூட்டரோதான். குழந்தை அதை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறது. சிரிப்பதற்கென்றே பிறந்த பாட்டை இப்படி அழுதுகொண்டே படிக்க வைக்கலாமா?

மொத்தம் ஐந்தே வரி. முதல், இரண்டாம், ஐந்தாம் வரிகள் ஒரே ஓசையில் முடிய வேண்டும். நடுவில் உள்ள இரண்டும் குட்டி வரிகள். அவற்றுக்குத் தனி ஓசை. 1846ல் எட்வர்ட் லியர் என்ற ஓவியர் படம் போட்டு வெளியிட்ட 'எ புக் ஆஃப் நான்சென்ஸ்' புத்தகம்தான் இதைப் பிரபலமாக்கியது. அவரே பல பாட்டுகளில் முதல் வரியின் கடைசி வார்த்தையை ஐந்தாம் வரியிலும் திரும்பப் போட்டிருக்கிறார். குழந்தை அப்படிச் செய்தால் தப்பு என்று அடித்துவிடாதீர்கள்.

முதலில் தமிழில் பழக்குங்கள் என்பேன். வரிக் கடைசியில் ஓசை ஒத்து வருவதை 'இயைபு' என்று நம் இலக்கணமே சொல்கிறது. கவிஞர் ஈரோடு தமிழன்பன், ஹைக்கூவையும் லிமரிக்கையும் சேர்த்து 'லிமரைக்கூ' என்றே எழுதியிருக்கிறார். ஒரு ஊர், ஒரு ஆள், ஒரு கோணங்கித்தனம் போதும். ஒத்து வரும் சொற்களை முதலில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். காய் நறுக்கிக்கொண்டே எங்கள் வீட்டில் கட்டியது இது:

போளூரில் ஒரு பாட்டி இருந்தா,
போவோர்க்கும் வருவோர்க்கும் விருந்தா!
வடையெல்லாம் தீர்ந்தது,
கூட்டமோ சேர்ந்தது,
கஷாயத்தைக் கொடுத்தாளாம் மருந்தா!

கைதட்டிச் சொல்லிப் பார்த்தால், எங்கே இடிக்கிறது என்று குழந்தைக்கே தெரிந்துவிடும்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும். லிமரிக் பெரும்பாலும் யாரையாவது கேலி செய்வதுதான். வகுப்பில் குண்டாக இருக்கிற பிள்ளையையோ, திக்கிப் பேசுகிற பிள்ளையையோ வைத்துப் பாட்டுக் கட்டினால், அது வருஷக்கணக்கில் அந்தக் குழந்தையைத் துரத்தும். வெறும் வசவு மறந்துபோகும். ஓசையோடு வந்த கேலி வாயை விட்டுப் போகாது. 'கற்பனை ஆளைப் பாடு. இல்லையா, உன்னையே பாடு' என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

ஆசிரியைகளே, தயவுசெய்து இதற்கு மார்க் போடாதீர்கள். வகுப்பு சிரித்தால் அதுவே நூற்றுக்கு நூறு. அம்மாக்களே, பேனாவை நீங்கள் வாங்கிக்கொள்ளாதீர்கள். அசட்டுப் பாட்டானாலும் அது பிள்ளை கட்டிய பாட்டாக இருக்கட்டுமே!

- ஒரு வாசகி, திருவண்ணாமலை.