மேடை போடுங்கள், ஆனால் எதற்கு?

இதைப் படித்தால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

முகூர்த்த நாள் நெருங்கினால் கச்சிராயபாளையம் கடைவீதியில் பிளெக்ஸ் முளைக்கிறது. ஏழாவது, எட்டாவது படிக்கும் பிள்ளையின் படம், கீழே "மஞ்சள் நீராட்டு விழா". தோழியிடமே கூச்சத்தோடு சொல்லும் விஷயத்தை, பஸ்ஸுக்கு நிற்பவர்கள் எல்லாம் படிக்கும்படி எழுதி வைக்கிறோம். அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டோமா?

இதற்கு வெள்ளைக்காரர்களிடமும் ஒரு பங்காளி உண்டு. 'டெபுடண்ட்' நடன விழா. இங்கிலாந்தில் பணக்கார வீட்டுப் பெண்களை வெள்ளை உடையில் அரண்மனைக்கு அழைத்துப் போய், 'கல்யாணத்துக்குத் தயார்' என்று காட்டுவார்கள். 1958-ல் எலிசபெத் ராணி அந்த அரண்மனைச் சடங்கை நிறுத்தினார்.

ஆனால் அதே விழா, ஒதுக்கப்பட்டவர்கள் கையில் வேறு அர்த்தம் பெற்றது. அமெரிக்காவில் வெள்ளையர் மன்றங்கள் சேர்க்காத கறுப்பினக் குடும்பங்கள் தாங்களே விழா எடுத்தன. அவற்றில் பல, பெண்களின் மேல்படிப்புக்கு உதவித்தொகை தருகின்றன. ஆஸ்திரேலியாவில் பூர்வகுடி மக்களையும் மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்க 1967-ல் பொதுவாக்கெடுப்பு நடந்தது. அடுத்த ஆண்டே, சிட்னி நகர மண்டபத்தில் பூர்வகுடிப் பெண்கள் வெள்ளை கவுனில் வந்து நின்றார்கள். பிரதமர் ஜான் கார்ட்டன் அவர்களில் ஒரு பெண்ணோடு நடனமாடினார். 'நாங்களும் இந்த நாட்டுக்காரர்கள்' என்று சொன்ன மேடை அது.

அந்தப் பெருமை எனக்குப் புரிகிறது. ஊர்த்தெருவில் செருப்புப் போட்டு நடக்க விடாமல் வைத்திருந்த குடும்பத்தில், இன்று தாய்மாமன் சீர் மேளதாளத்தோடு அதே தெருவில் போகிறது. அதை வீண் ஆடம்பரம் என்று ஒரே வார்த்தையில் தள்ள மாட்டேன். மொய் என்பது திரும்பி வர வேண்டிய கடன் என்பதும் தெரியும்.

என் கேள்வி வேறு. தலை நிமிர்வது குடும்பம். அதற்கு விலை கொடுப்பது யார்? பன்னிரண்டு வயதுப் பிள்ளை. வருகைப் பதிவேட்டில் தொடர்ந்து 'ஆப்சென்ட்'. திரும்பி வந்தால் வகுப்புப் பையன்களின் கேலிச் சிரிப்பு. பந்தியிலேயே "பொண்ணு யாருக்கு?" என்ற பேச்சு. 2006-ம் ஆண்டுச் சட்டப்படி பெண்ணுக்குத் திருமண வயது 18. ஆனால் நம் பேச்சு பன்னிரண்டிலேயே தொடங்கிவிடுகிறது. கீழ்நாட்டில் மட்டுமல்ல, கல்வராயன் மலையில் வாழும் நம் பிள்ளைகளுக்காகவும்தான் சொல்கிறேன். மலையிலிருந்து இறங்கிப் படிக்க வரும் பெண்ணுக்கு, நின்றுபோக ஒரு சாக்கு போதும்.

சடங்கு வேண்டுமா, வீட்டுக்குள் பாட்டியும் அத்தையும் தண்ணீர் ஊற்றி, உளுந்தங்களி கிண்டிக் கொடுங்கள். அது அன்பு. பிளெக்ஸை அவள் பிளஸ் டூ தேறும் நாளுக்கு வையுங்கள். சீர்த்தட்டைக் கல்லூரியில் சேரும் நாளில் தூக்குங்கள். அன்று விழும் மொய் அவள் பெயரில் வங்கிக்குப் போகட்டும். அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் பிளஸ் டூ வரை படித்துக் கல்லூரி போகும் பெண்ணுக்கு 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அரசாங்கமே மொய் வைக்கிறது. தாய்மாமன் வைக்கக் கூடாதா?

உடம்பு வளர்வது இயற்கை. அதில் அவள் சாதித்தது எதுவும் இல்லை. சாதித்த அன்றைக்குப் பத்திரிகை அடியுங்கள். முதல் பந்திக்கே வந்துவிடுகிறேன்.