மின்னஞ்சல்: சுருக்கமா, விரிவா?

மின்னஞ்சலைச் சுருக்கமாகவே எழுதல் வேண்டும் என்பார் ஒருசாரார். எழுத இடமும் வசதியும் இருக்கக் கைச்சுருக்கம் காட்டுவானேன் என்பார் பிறிதொரு சாரார். எம் ஆசிரியர் அறையிலே தேநீர் வேளையில் இவ்விரு கட்சியும் மோதிக்கொள்வதுண்டு. முன்னர் யானும் சுருக்கக் கட்சியைச் சேர்ந்தவனே. அக்கட்சியினின்றும் பாதி விலகிய காரணத்தைப் பழைய மாணவர் முன் வைத்தல் தகும் எனக் கருதி இதனை எழுதலானேன்.

சுருக்கக் கட்சியார் முதலிலே காட்டும் சான்று தந்தி. தந்திக்குச் சொற்கணக்கிலே கட்டணம். ஆதலின், "தாய் கடுஞ்சுகவீனம் உடன் வருக" என நான்கு சொல்லிலே ஒரு குடும்பத்தின் கலக்கம் முழுவதையும் அடக்கினர் நம் முன்னோர். அடுத்த சான்று கைத்தொலைபேசிக் குறுஞ்செய்தி. அதன் அளவு ஆங்கிலத்துக்கு 160 எழுத்து. தமிழுக்கோ 70 தான். அந்த எழுபதிலும் உயிர்க்குறி தனியே எண்ணப்படுதலின், 'கொ' என்னும் ஓரெழுத்து இரண்டிடத்தைப் பிடித்துக்கொள்ளும். தொல்காப்பியர் இக்கணக்கை ஒப்பார்! இவ்விரண்டிலும் சுருக்கம் கருவியின் நெருக்கடியால் வந்ததேயன்றி எழுதுவோன் விரும்பி மேற்கொண்டதன்று. மின்னஞ்சலுக்கு அந்நெருக்கடி இல்லை. 1995 ஆம் ஆண்டில் இணையத்தைப் பயன்படுத்துவோர்க்கென வகுக்கப்பட்ட ஒழுக்கக் குறிப்பொன்று, நூறு வரிக்கு மேற்பட்ட மடலையே நீண்ட மடல் எனக் கொண்டது. அதனையும் அது விலக்கவில்லை. தலைப்பிலே 'நீண்டது' என ஒரு சொல் சேர்த்துவிடுக என்றது. நூறு வரி! நம் மாணவர் பரீட்சைக் கட்டுரையிலும் எழுத அஞ்சும் அளவு அது.

ஆயினும் சுருக்கக் கட்சியார் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. தந்தியின் விலையை அனுப்பியவன் கொடுத்தான். மின்னஞ்சலின் விலையையோ பெற்றவன் தன் நேரத்தாற் கொடுக்கின்றான். நாளொன்றுக்கு எத்தனையோ மடல்களைப் பார்க்கவேண்டிய ஓர் இலிகிதருக்கு, "மேற்படி விடயம் தொடர்பாகத் தங்களது மேலான கவனத்துக்குப் பணிவன்புடன் கொண்டுவருவது யாதெனில்" என்று தொடங்கி, மூன்று பந்தி கழிந்தபின் வேண்டுகோளைச் சொல்லுதல் பணிவுமன்று, அன்புமன்று. திணைக்களங்களுக்கு எழுதும் மடல்களிலே இன்னும் நாம் இவ்வாறுதான் எழுதிக்கொண்டிருக்கின்றோம்.

இனி, சுருக்கம் என்பதைத் தவறாக விளங்கிக்கொண்டோரும் உளர். கல்லூரிக் கந்தோருக்கு வரும் மின்னஞ்சல்களுட் பல, "சேர், சான்றிதழ் வேண்டும்" என்பதோடு நின்றுவிடும். எழுதியவர் பெயர் இராது. முகவரியைப் பார்த்தால் அது ஏதோ நடிகரின் பட்டப்பெயராயிருக்கும். யார் நீர், எவ்வாண்டிலே கற்றீர், எந்தச் சான்றிதழ், எதற்கு என்று நாம் கேட்டெழுத, அவர் ஒவ்வொன்றாக விடை தர, ஒரு கிழமை கழிந்துவிடும். முழுப்பெயர், அனுமதி இலக்கம், கற்ற ஆண்டுகள், வேண்டுவது இன்னது என ஐந்து வரி எழுதியிருந்தால் மறுநாளே அலுவல் முடிந்திருக்கும். பவணந்தியார் நூற்குற்றம் பத்தினைத் தொகுத்தபோது 'குன்றக் கூறல்' என்பதையே முதற்கண் வைத்தார். 'மிகைபடக் கூறல்' அதன் பின்னரே வருகின்றது. அழகு பத்தினுட் சுருங்கச் சொல்லுதலுக்கு முதலிடம் தந்தார் என்பது உண்மைதான். எனினும் விளங்கவைத்தலை உடனே அதன் பக்கத்திற் காவலாக நிறுத்திவிட்டார். நூலுக்கு அவர் சொன்னது மடலுக்கும் பொருந்தும்.

இதுவரை சொன்னவை அலுவல் மடல்கள். மனிதருக்கு மனிதர் எழுதும் மடலின் கதை வேறு. 1990களின் முற்பகுதியில், யாழ்ப்பாணத்திலே மின்சாரமும் தொலைபேசியும் அற்றிருந்த நாளில், வெளிநாட்டிலிருந்து உறவினர் எழுதிய ஏரோகிராம்கள் கிளாலிக் கடல் கடந்து வருவோர் கையிலே எம் வீட்டுக்கு வந்து சேரும். இடம் போதாமல் மடிப்போரங்களிலும் சுற்றிச்சுற்றி எழுதியிருப்பர். அம்மா முதலிலே தாமே வாசிப்பார். பின்பு குப்பிவிளக்கின் முன் எங்களுக்கு உரக்க வாசிப்பார். அங்கே பனி பெய்ததும், சப்பாத்து வாங்கியதும், கறித்தூள் முடிந்துபோனதும் எமக்கு வேண்டிய செய்திகளாகவே இருந்தன. நீளம் கூடிவிட்டது என்று எவரும் குறை சொன்னதாக நினைவில்லை.

இவ்வளவும் அறிந்திருந்தும் யான் செய்த பிழையைச் சொல்கிறேன். வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர் ஒருவர் எம் மாணவன் ஒருவனின் படிப்புச் செலவை ஏற்றிருந்தார். தவணைக்கொருமுறை அவன் அவருக்கு மின்னஞ்சல் எழுதுவான். திருத்தி அனுப்பும் பொறுப்பு என்னுடையது. முதன்முறை அவன் கொப்பியிலே இரண்டு பக்கம் எழுதிக்கொணர்ந்தான். பரீட்சைப் புள்ளிகள், தாயார் தையல் வேலைக்குப் போவது, பழைய சைக்கிளுக்குப் புது ரயர் போட்டது, வீட்டுக் கிணறு உவர்த்துப்போனது எல்லாம் அதில் இருந்தன. "தூரத்திலே இருப்பவருக்கு இவற்றையெல்லாம் வாசிக்க நேரம் ஏது, தம்பி?" என்று சொல்லிச் சிவப்பு மையால் வெட்டினேன். எஞ்சியது நான்கு வரி: பணம் கிடைத்தது, புள்ளிகள் இவை, நன்றி, வணக்கம். பிழையற்ற நான்கு வரி!

மூன்று தவணையும் இவ்வாறே அனுப்பினோம். மறு ஆண்டு பணம் வரவில்லை. காரணம் கேட்டு எழுதினேன்; அதுவும் சுருக்கமாகவே. அவர் விடை பின்வருமாறு வந்தது: "மாஸ்ரர், குறைநினைக்க வேண்டாம். மூன்று மடலும் ஒன்றுபோலவே இருந்தன. புள்ளிகள் மாத்திரம் மாறியிருந்தன. இப்படியொரு பையன் உண்மையிலே இருக்கிறானா என்று எனக்கு ஐயம் வந்துவிட்டது."

அன்றிரவே கொப்பியை வாங்கி, வெட்டிய வரிகளையெல்லாம் மீட்டுத் தட்டச்சிட்டு அனுப்பினேன். இரண்டு நாளில் அவரிடமிருந்து நான்கு பக்கம் வந்தது. கிணறு எந்தக் குறிச்சியில், எத்தனை முழம், முன்னர் நன்னீராயிருந்ததா என்றெல்லாம் கேட்டிருந்தார். பணமும் வந்தது. இடையிலே சென்ற ஐந்து மாதம் அவன் கணித வகுப்புக்குப் போகவில்லை. அதற்கு விடைசொல்ல வேண்டியவன் யானே.

முகம் பார்த்தே பேசக்கூடிய இக்காலத்தில் நீண்ட மடல் எதற்கு என்று கேட்கலாம். அப்பையன் அவர் முன் வாய் திறக்கமாட்டான். ஒருமுறை பேசவைத்துப் பார்த்தோம். "ஓம் சேர்", "இல்லை சேர்" என்பவற்றுக்கு மேல் ஒன்றும் வரவில்லை. எழுத விட்டால்தான் இரண்டு பக்கம்.

இப்பொழுது எழுத்துப்பிழையை மாத்திரமே திருத்துகிறேன். சென்ற தவணை மடலிலே, விடுதிக்குப் பின்புறம் நின்ற வேம்பைத் தறித்துவிட்டார்கள் என்று ஒரு பந்தி முழுதும் எழுதியிருந்தான். அவ்வன்பர் அதனைத் தம் வகுப்புத் தோழர் நால்வருக்கும் அனுப்பிவிட்டார். தறித்தது ஏன் என்று ஐவரும் கேட்டெழுதியுள்ளனர். அதிபர் விடை எழுதிக்கொண்டிருக்கின்றார். ஒரு பக்கம் தாண்டிவிட்டது.