கோச்சை மாற்றினால் கோப்பை வருமா? நாரணாபுரம் டீக்கடையில் தீராத கபடி வழக்கு!

நாரணாபுரத்தில் சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல் டீக்கடைப் பக்கம் போகிறவர்கள் கொஞ்சம் ஜாக்கிரதையாகப் போக வேண்டும். பட்டாசு ஆபீஸ் விட்டு வந்தவர்கள் ஒரு பெஞ்சு, அச்சாபீஸ் ஷிப்ட் முடித்தவர்கள் எதிர் பெஞ்சு. நடுவில் கபடி. தப்பித் தவறி, "என்னப்பா, தலைவாஸ் எப்படி?" என்று கேட்டு வைத்தீர்களோ, உங்கள் டீ ஆறிப் போகும். வீட்டுக்குப் போக ஒன்பது மணி ஆகும்.

சண்டை இன்று நேற்று தொடங்கியதல்ல. புரோ கபடியில் 'தமிழ் தலைவாஸ்' அணி 2017-ல் கால் வைத்த நாளிலிருந்து நடக்கிறது. வேஸ்ட் லேபிள் தாளின் பின்பக்கத்தில் புள்ளிப் பட்டியல் எழுதி, கூட்டிக் கழித்து, "அடுத்த மூணு ஆட்டமும் ஜெயிச்சு, உ.பி.க்காரன் ரெண்டுல தோத்தா நாம உள்ள!" என்று கணக்குப் போடுகிற நிபுணர்கள் இங்கே நிறைய. பள்ளிக்கூடத்தில் கணக்கில் பெயிலானவர்கள்தான் இதில் கெட்டிக்காரர்கள் என்பது என் அனுபவம்.

முன்பெல்லாம் இந்தக் கணக்கு சுவாரசியமாக இருக்கும். ஜெயித்தால் 5 புள்ளி. சமன் என்றால் ஆளுக்கு 3. ஏழு புள்ளி வித்தியாசத்துக்குள் தோற்றால் ஆறுதலாக ஒன்று. 2025 சீசனில் அதையெல்லாம் தூக்கிவிட்டு, ஜெயித்தால் 2, தோற்றால் பூஜ்யம், சமன் என்றால் 'டை-பிரேக்கர்' வைத்து முடிவு கட்டு என்று ஆக்கிவிட்டார்கள். 12 அணியில் முதல் 8 அணிக்கு அடுத்த சுற்று. எட்டுக்குள் வர நம்மாட்களால் அப்பவும் முடியவில்லை!

அன்றைக்குப் பிடித்த தீ இன்னும் அணையவில்லை. "கோச்ச மாத்துங்கப்பா!" என்கிறது ஒரு பெஞ்சு. "எத்தன கோச்சத்தாம்ல மாத்துவிய?" என்கிறது மறு பெஞ்சு.

பாஸ்கரன் போய் பாஸ்கரன் வந்தார்!

கேள்வி நியாயமான கேள்விதான். எத்தனை பேரை மாற்றியாயிற்று? விரலை மடக்குங்கள்.

2017-ல் காசிநாதன் பாஸ்கரன். லேசுப்பட்ட ஆளா? 2014-ல் முதல் புரோ கபடிக் கோப்பையை ஜெய்ப்பூருக்கு வாங்கிக் கொடுத்தவர். இங்கே அணி தன் பிரிவில் கடைசி.

அடுத்தவர் எடச்சேரி பாஸ்கரன். மும்பை அணிக்கு 2015-ல் கோப்பை வாங்கித் தந்தவர். 2018-லும் கடைசி இடம். 2019-ல் அஜய் தாக்கூர், ராகுல் சவுத்ரி, மஞ்சித் சில்லர் என்று நட்சத்திரப் பட்டாளத்தையே இறக்கினார்கள். தீபாவளிக் கிப்ட் பாக்ஸ் மாதிரி எல்லா ரகமும் உள்ளே இருந்தது. பற்ற வைத்தால் ஒன்றும் வெடிக்கவில்லை. சீசன் பாதியில் பாஸ்கரன் ராஜினாமா. ஜே. உதயகுமார் வந்தார். பன்னிரண்டு அணியில் பன்னிரண்டாவது!

2021-22-ல் அதே உதயகுமார். 11-வது இடம். 2022-ல்தான் வேடிக்கை. பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சம் கொடுத்து எடுத்தார்கள். முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போய் மனிதர் படுத்துவிட்டார். சீசன் நடுவில் கோச்சும் மாறினார். உதயகுமார் போய் ஆஷன் குமார் வந்தார். "போச்சு, இந்த வருசமும் போச்சு" என்று நாரணாபுரமே கையைக் கழுவிவிட்டது. ஆனால் நடந்தது என்ன? நரேந்தர் என்ற புதுப் பையன் பாடிப் போய் 243 ரைடு புள்ளி அள்ளினான். உ.பி. அணியை டை-பிரேக்கரில் சாய்த்து அரையிறுதிக்குப் போனோம். அங்கே புனேயிடம் இரண்டே புள்ளியில் தோல்வி. 37-39. அந்த ராத்திரி இந்த டீக்கடையில் யாரும் டீ குடிக்கவில்லை. சத்தியம்!

சரி, ஆஷன் குமார்தான் ராசிக்காரர் என்று பார்த்தால், அடுத்த சீசனில் அதே கோச், ஒன்பதாவது இடம். 2024-ல் மறுபடி உதயகுமார், கூடவே தஞ்சைச் சீமைக்காரர் தர்மராஜ் சேரலாதன். சச்சினுக்கு 2 கோடியே 15 லட்சம். மறுபடியும் ஒன்பது. 2025-ல் சஞ்சீவ் பாலியான். அவரும் 2022-ல் ஜெய்ப்பூருக்குக் கோப்பை தூக்கிக் கொடுத்தவர். திரும்பி வந்த பவன் செராவத்தை ஒழுங்கு நடவடிக்கை என்று சொல்லி நடுவிலேயே வீட்டுக்கு அனுப்பினார்கள். அர்ஜுன் தேஸ்வால் தலைமையில் மிச்ச சீசனை ஓட்டினார்கள். கதை முடிந்தது.

எட்டு சீசன். ஐந்து முறை கோச் மாற்றம். அதில் இரண்டு, சீசன் ஓடிக்கொண்டிருக்கும்போதே. வந்தவர்களில் மூன்று பேர் வேறு ஊருக்குக் கோப்பை வாங்கித் தந்தவர்கள். இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 2016-ல் பாட்னா கோப்பையைத் தூக்கியபோது அந்த அணியின் கேப்டன் யார்? நம்ம சேரலாதன்! தமிழன் போய் பாட்னாவுக்கு ஜெயித்துக் கொடுக்கிறான். தமிழ்ப் பேர் வைத்த அணியில் அரியானாப் பையன்கள் தோற்றுக் கொடுக்கிறார்கள். இதை எங்கே போய்ச் சொல்ல!

எதிர் பெஞ்சில் ஒரு அண்ணாச்சி. முப்பது வருசமாகப் பட்டாசு ஆபீஸில் இருக்கிறவர். அவர் போட்டார் ஒரு போடு: "ஏம்ப்பா, ஒவ்வொரு தீவாளிக்கும் போர்மேன மாத்துற ஆபீஸ்ல நீ வேலைக்குப் போவியா? மருந்து எந்த அளவு, எந்த ரூம்ல எத்தன பேரு, யாரு கை நிதானம், யாரு கை அவசரம்னு அவனுக்குத் தெரியவே ரெண்டு வருசம் ஆகும். அதுக்குள்ள ஆள மாத்திட்டா?"

பெஞ்சு கப்சிப்.

பெங்களூர்க்காரன் கதை

ஆனால் ஒரு பொடியன் விடவில்லை. பைண்டிங் வேலை பார்க்கிறவன், வாய் கொஞ்சம் நீளம். "அப்ப பெங்களூரப் பாருங்க மாமா" என்று ஆரம்பித்தான்.

பெங்களூர் என்றாலே நம் ரசிகர்களுக்கு ரத்தம் சூடாகும். காவிரியெல்லாம் ஞாபகத்துக்கு வந்துவிடும். அது கிடக்கட்டும், பையன் சொன்னதில் விஷயம் இருந்தது. பெங்களூர் புல்ஸ் அணி முதல் சீசனிலிருந்து 2024 வரை பதினோரு சீசன் ரந்தீர் சிங் ஒருவரையே கோச்சாக வைத்திருந்தது. கிடைத்தது ஒரே ஒரு கோப்பை, 2019 ஜனவரியில். 2024-ல் கடைசி இடம். உடனே அவரை அனுப்பிவிட்டு பி.சி. ரமேஷைக் கொண்டு வந்தார்கள். மனிதர் ஏற்கெனவே வங்காளத்துக்கும் புனேவுக்கும் கோப்பை வாங்கித் தந்தவர். 2025-ல் பெங்களூர் பிளே-ஆஃபுக்குள்!

"இப்ப என்ன சொல்றீக?" என்றான்.

நான் சொல்வது இதுதான். மாற்றவே கூடாது என்று யார் சொன்னார்கள்? மாற்றலாம். ஆனால் பெங்களூர்க்காரன் பதினோரு சீசன் பொறுத்து ஒரு தடவை மாற்றினான். நாம் எட்டு சீசனில் ஐந்து தடவை மாற்றினோம். அவன் மாற்றியது சிகிச்சை. நாம் மாற்றியது படபடப்பு. ஒரு கோச்சுக்கு மூன்று சீசன் முழுசாகக் கொடுத்து, அவர் கேட்கிற பையன்களை ஏலத்தில் கலைக்காமல் வைத்திருந்து, அப்புறமும் தோற்றால் தாராளமாக அனுப்புங்கள். நானும் உங்கள் பெஞ்சில் வந்து உட்காருகிறேன்.

கோச் என்றால் என்ன மதிப்பு என்று தெரிய வேண்டுமானால் 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டைப் பாருங்கள். ஆண்கள் கபடியில் 1990-லிருந்து தங்கத்தை விட்டதில்லை நாம். ஈரான்காரன் அரையிறுதியிலேயே சாய்த்தான். பெண்கள் இறுதியாட்டத்திலும் ஈரான் 27, இந்தியா 24. அந்த ஈரான் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தது யார் தெரியுமா? ஷைலஜா ஜெயின். மகாராஷ்டிரத்து அம்மா! நம் வித்தை, நம் ஆள், தங்கம் மட்டும் அவர்களுக்கு.

நம்ம களத்துக்கு கோச் யாரு?

இப்போது நான் கேட்கிற கேள்விக்கு இரண்டு பெஞ்சும் பதில் சொல்லட்டும். டீக்கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில் பொட்டலில் நம்ம பசங்கள் ஆடுகிறார்களே, அவர்களுக்கு கோச் யார்?

யாருமில்லை.

அலுமினியப் பவுடர் ஒட்டி முழங்கை வரை வெள்ளி மாதிரி மினுங்க, வேலை விட்டு நேரே களத்துக்கு வருகிறான். குளித்துவிட்டு வர நேரமில்லை, இருட்டிவிடும். சொல்லிக் கொடுப்பவர் முன்னாள் ஆட்டக்காரர், அவரும் எங்கேயோ கூலிக்குப் போய்விட்டு வருகிறவர். தீபாவளி சீசன் வந்தால் ஓவர்டைம். பிறகு அவரும் இல்லை, பசங்களும் இல்லை. தலைவாஸுக்குக் கோச் மாறுகிறார். நம்ம பசங்களுக்கு மாற்றவும் ஆள் கிடையாது!

மண்ணில் ஆடிப் பழகியவனை மாவட்டத் தேர்வுக்கு அனுப்புகிறோம். அங்கே 13 மீட்டருக்கு 10 மீட்டர் மேட் விரித்து வைத்திருக்கிறான். மேட்டுக்கு ஷூ வேண்டும், கால் திருப்புகிற தினுசே வேறு. நம்ம பையன் வெறுங்காலோடு போய் நிற்கிறான். முப்பது வினாடி ரைடு என்பது அவனுக்குத் தெரியும், ஆனால் போனஸ் கோட்டில் கால் எப்படி வைப்பது என்று மேட்டில் நின்று யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அடுத்த பஸ்ஸில் திரும்பி வருகிறான். மறுநாள் பழையபடி மருந்து ரூம்.

முட்டி பிசகினால் கதை இன்னும் மோசம். இந்தக் கட்டுரை எழுதுகிறவனும் ஒரு காலத்தில் கார்னர் பிடித்தவன்தான். ஒரு பொங்கல் ஆட்டத்தில் இடது முட்டி போனது. மஞ்சள் பத்துப் போட்டு, துணியைச் சுற்றி, "ஓடிப் பாருடா" என்றார்கள். ஓடிப் பார்த்தேன். அதோடு சரி. இன்றைக்கும் மாடிப்படி ஏறும்போது அந்தப் பொங்கல் ஞாபகம் வரும்.

விளையாட்டுதானே என்று சொல்லாதீர்கள். தமிழக அரசு வேலையில் விளையாட்டுக்காரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே, போலீஸ் அணிகள் இருக்கின்றன. மேட்டில் நாலு வருசம் ஒழுங்காக ஆடிச் சான்றிதழ் வாங்கியவனுக்கு அந்தக் கதவு திறக்கிறது. இந்தப் பக்கத்துத் தாய்மார்களைக் கேட்டுப் பாருங்கள், பையன் வெடி மருந்தைத் தொடாத வேலைக்குப் போனால் அவர்களுக்கு என்ன நிம்மதி என்று.

தூத்துக்குடிச் சீமை மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமாவில் தங்கம் வாங்கிய அணியில் ஆடியவர், அர்ஜுனா விருதுக்காரர். அவரை வைத்து எடுத்த 'பைசன்' படம் 2025-ல் வந்தது. நாம் விசில் அடித்தோம். அதே அக்டோபரில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா, பஹ்ரைனில் ஆசிய இளையோர் கபடியில் தங்கம் வாங்கிய இந்திய அணியின் துணைத் தலைவியாக வந்து நின்றாள். அரசு 25 லட்சம் கொடுத்தது. சபாஷ்! ஆனால் 25 லட்சத்துக்கு முன்னால் அந்தக் குடியிருப்பிலேயே சின்னக் களத்தில் விடாமல் பயிற்சி கொடுத்த கோச் ஒருவர் இருந்தார். அந்தப் பெண்ணை எட்டு சீசனில் ஐந்து பேரிடம் மாற்றி மாற்றி ஒப்படைத்திருந்தால் பஹ்ரைன் எங்கே, கார்த்திகா எங்கே?

2024-ல் கிராம ஊராட்சிகளுக்கெல்லாம் கலைஞர் பெயரில் விளையாட்டு உபகரணம் கொடுத்தார்கள். நல்ல காரியம். பந்து இருந்தது, மட்டை இருந்தது. கோச்சைப் பெட்டியில் வைத்துக் கொடுக்க முடியாதே!

பட்டாசு முதலாளிகளுக்கும் அச்சக முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. கபடிப் போட்டிக்கு நன்கொடை கேட்டால் நீங்கள் இல்லை என்று சொன்னதில்லை. ஆள் உயரக் கோப்பை, கம்பெனிப் பேர் போட்ட பனியன், விடிய விடிய மைக்செட். எல்லாம் சரி. விடிந்ததும் பந்தலைப் பிரித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பொட்டல் பழையபடி பொட்டல். ஒரு வருசம் கோப்பையின் உயரத்தைக் குறையுங்கள். நாலு பேர் சேர்ந்தால் ஒரு மேட் வாங்கலாம். ஒரு முன்னாள் வீரருக்கு மாதச் சம்பளம் போட்டு, மூன்று வருசம் கையை வைக்காமல் விடலாம். தீபாவளி சீசனில் தேர்வுக்குப் போகிற பையனுக்கு இரண்டு நாள் லீவும் கொடுக்கலாம்.

டீக்கடையில் இதைச் சொன்னேன். பெங்களூர் பொடியன் யோசித்துவிட்டு, "மேட் வந்தா நம்ம அண்ணனே கோச்சா இருப்பாரா?" என்று கேட்டான். அண்ணாச்சி, "மூணு வருசம் தோத்தாலும் நீ வாயத் தொறக்கப்படாது, சம்மதமா?" என்றார். பையன் தலையைச் சொறிந்தான். சம்மதம் என்று சொல்லவில்லை!

பொங்கலுக்கு வசூல் நோட்டு வரும். வழக்கமாக முதல் பக்கத்தில் 'கோப்பை' என்று எழுதியிருக்கும். இந்தத் தடவை 'மேட்' என்று எழுதிக் கொண்டு வாருங்கள். என் பங்கை நான் முதல் வரியில் எழுதித் தருகிறேன்.