கோடு போட்ட பானைக்கு எந்தக் குறியீடு?

2025 செப்டம்பர் 22 முதல் சுடுமண் பாத்திரங்களுக்கும் அலங்காரச் சுடுமண் பொருள்களுக்கும் ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆக இறங்கியிருக்கிறது. மண்பானைக்கும் மண்விளக்குக்கும் முன்போலவே வரி கிடையாது. வரவேற்கிறோம். பதிவு வரம்பைத் தொடாத சூளைக்காரர்களுக்கு இதில் நேரடி லாபம் இல்லை. கடைக்காரர் விலையைக் குறைத்தால் நமக்கு ஆர்டர் கூடலாம்.

நம்மை உறுத்துவது வரி அட்டவணையில் மண்பானை வரும் 6912, அலங்காரப் பொருள் வரும் 6913 என்ற இரண்டு குறியீடுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட பானை. தோல் பதத்தில் இருக்கும் தண்ணீர்ப் பானையின் தோளில், கோனில் வெள்ளைக் களிமண் குழம்பை நிரப்பி நாலு சுற்று இழுக்கிறோம். சூளையிலிருந்து வெளியே வரும்போது அது மண்பானையா, அலங்காரப் பொருளா? முன்னதென்றால் வரியில்லை, பின்னதென்றால் 5 விழுக்காடு. அட்டவணை இதற்குப் பதில் சொல்லவில்லை.

கைவினைப் பொருளின் வரையறையோ எதிர்த்திசையில் இழுக்கிறது. 2018 ஜூலை அறிவிக்கையின்படி கையால் செய்தால் மட்டும் போதாது, கணிசமான அலங்கார வேலையும் இருக்க வேண்டும். கோடு போட்டால் கைவினைஞர் என்ற பெயர், போடாவிட்டால் வரிவிலக்கு. புதுச்சேரி வில்லியனூரிலிருந்து தமிழ்நாட்டின் கண்டமங்கலத்துக்கு வெறும் பானையை டாட்டா ஏஸில் ஏற்றினால் இ-வே பில் வேண்டாம். அதே பானை கைவினைப் பொருளாகிவிட்டால், பதிவு இல்லாத குயவர் எல்லை தாண்ட, சரக்கின் மதிப்பு எத்தனை குறைவானாலும் பில் எடுக்க வேண்டும். பாகூர்க்காரருக்குக் கடலூரே வெளிமாநிலம். அங்கே பதிவு வரம்பு 40 லட்சம். புதுச்சேரியில் இன்னும் 20 லட்சம்தான்.

குழம்பு வேலையைக் கடைசியில் ஒட்டவைக்கும் சிங்காரமாகப் பார்க்காதீர்கள் என்று இந்த இதழ் நெடுநாளாகச் சொல்லிவருகிறது. பானையில் ஈரம் கூடினால் கோடு பரவும். காய்ந்துவிட்டால் செதில் செதிலாக உரியும். உடல் மண்ணைவிடக் குழம்பு அதிகம் சுருங்கினால் வெடிக்கும். அதனால்தான் தண்ணீரைக் குறைத்து, சோடியம் சிலிகேட் சில சொட்டு விட்டு ஓட்டம் வரவைக்கிறோம். மண்ணின் சுருக்கமும் சூளையின் சூடும் தெரியாதவர் கையில் கோடு நிற்காது; இது வனைதலின் ஒரு கட்டம். கொடுமணல் அகழாய்வில் கிடைத்த பழைய ஓடுகளைப் பாருங்கள்: செங்காவிப் பூச்சுக்கடியில் வெள்ளைக் கோடுகள். கிண்ணமும் மூடியுமாகப் புழங்கிய கலங்கள் அவை.

அட்டவணை எழுதுகிறவர்களுக்குச் சுடுமண் என்றால் சிலையும் குதிரையும்தான் போலிருக்கிறது. வில்லியனூர்ச் சுடுமண்ணுக்குப் புவிசார் குறியீடு உண்டு, 2020இல் சுடுமண் கலைஞர் வி.கே. முனுசாமிக்குப் பத்மஸ்ரீயும் வந்தது. பொன்னாடை போர்த்தும் அரசு, ஒரு குயவரைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. தெளிவு வேண்டுமா, முன்தீர்ப்பு ஆணையத்துக்குப் போ என்கிறது சட்டம். மத்திய, மாநிலச் சட்டங்களுக்குத் தலா 5,000 ரூபாய் கட்டணம். கிடைக்கும் தீர்ப்போ கேட்டவரோடு சரி. பக்கத்துச் சூளைக்காரர் மறுபடி 10,000 கட்ட வேண்டும். பானை விற்கிறவரிடம் கேட்கிற காசா இது?

எங்கள் நிலை இதுதான்: வடிவமும் பயனும் வகையைத் தீர்மானிக்கட்டும். தண்ணீர் ஊற்றிவைக்கும் பானை, எத்தனை கோடு போட்டாலும் மண்பானையே. சுவரில் மாட்டும் தட்டு 6913இல் போகட்டும், 5 விழுக்காட்டைக் கட்டிவிடலாம். இதை ஒரு சுற்றறிக்கையாக வெளியிடும்படி புதுச்சேரி வணிகவரித் துறை ஜிஎஸ்டி கவுன்சிலுக்கு எழுத வேண்டும்.

அதுவரை பில்லில் பயனை முதலில் எழுதுங்கள்: 'தண்ணீர்ப் பானை, குழம்புக் கோடு போட்டது'. வழியில் யாராவது மறித்தால், ஆட்சேபத்தை எழுத்தில் தரச் சொல்லி, நகலை இதழுக்கு அனுப்புங்கள். அவற்றைத் தொகுத்து இணைத்தே மனு கொடுக்கப்போகிறோம்.