மறுத்ததால் அதிகாரம் இழந்த டெக்சாஸ்

அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் 1970 முதல் வேலையை இரண்டாகப் பிரித்துவைத்திருக்கிறது. காற்றில் எவ்வளவு மாசு இருக்கலாம் என்ற வரம்பை வாஷிங்டனில் உள்ள சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வகுக்கும். அந்த வரம்பை எட்டுவதற்கான விதிகளை எழுதி, ஆலைகளுக்கு அனுமதி வழங்குவது மாநிலங்களின் பொறுப்பு. மத்திய விதியைவிட மாநிலம் கடுமை காட்டலாம். தளர்வு காட்ட முடியாது. மேலே விதி மாறினால் கீழேயும் அனுமதி விதிகளைத் திருத்தியாக வேண்டும். மறுத்தால் அந்த வேலையை முகமையே கையில் எடுத்துக்கொள்ளும். இப்படித் திருத்துவதை வாஷிங்டனுக்குப் பணிந்துபோவதாகக் கருதுவோர் அங்கு உண்டு. மாநில சுயாட்சிக்காகப் பேசிப் பழகிய தமிழக வாசகருக்கும் அப்படித் தோன்றக்கூடும். ஆனால் டெக்சாஸின் அனுபவம் இதற்கு நேர்மாறானது. திருத்த மறுத்ததால்தான் அந்த மாநிலம் தன் அதிகாரத்தில் ஒரு பகுதியை இழந்தது.

பசுங்குடில் வாயுக்களும் இச்சட்டத்தின் கீழ் வரும் மாசுதான் என்று 2007-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து, 2011 ஜனவரி முதல் பெரிய ஆலைகளின் கட்டுமான அனுமதியில் இந்த வாயுக்களையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று முகமை விதித்தது. அதற்குத் தங்கள் விதிகளில் இடம் வைக்காத 13 மாநிலங்களைத் திருத்தம் செய்யச் சொன்னது. மற்ற மாநிலங்கள் விதியைத் திருத்தவோ, திருத்தும்வரை இடைக்கால ஏற்பாட்டை ஏற்கவோ இசைந்தன. டெக்சாஸ் மட்டும் 2010 ஆகஸ்டில் கடிதம் எழுதி மறுத்தது. எங்கள் சட்டத்தைத் திருத்தும் எண்ணமே இல்லை என்பது அதன் சாரம். அதில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர், பின்னாளில் ஆளுநரான கிரெக் அபாட். அப்போது அவர் மாநிலத் தலைமை வழக்கறிஞர்.

விளைவு, ஒரே ஆலைக்கு இரண்டு அனுமதிகள். நைட்ரஜன் ஆக்சைடுக்கும் நுண்தூசுக்கும் ஆஸ்டினில் உள்ள மாநிலச் சுற்றுச்சூழல் ஆணையத்திடம் போக வேண்டும். கரியமில வாயுவுக்கு டாலஸில் உள்ள முகமையின் மண்டல அலுவலகத்தை நாட வேண்டும். மத்திய அலுவலகம் அனுமதி தருவதென்றால் அழியும் நிலையிலுள்ள உயிரினங்கள், வரலாற்றுச் சின்னங்கள் குறித்த கலந்தாய்வுகளும் சேர்ந்துகொள்ளும். இந்த ஏற்பாட்டில் டாலஸ் வழங்கிய முதல் அனுமதி யாருக்குப் போனது என்பது கவனிக்கத்தக்கது. லானோ கவுண்டியில் 1974 முதல் ஓடிய பழைய மின்நிலையத்தின் இடத்தில் புதிய ஃபெர்குசன் எரிவாயு மின்நிலையத்தைக் கட்டுவதற்காக 2011 நவம்பரில் அது தரப்பட்டது. அந்த மின்நிலையத்தின் உரிமையாளர், 1934-ல் டெக்சாஸ் சட்டமன்றமே உருவாக்கிய பொது அமைப்பான கீழ் கொலராடோ நதி ஆணையம். மாநில உரிமைக்காக மறுத்த மாநிலத்தின் சொந்த நிறுவனமே மத்திய அலுவலகத்தின் கையெழுத்துக்குக் காத்திருந்தது. 2013-ல் சட்டமன்றமே முன்வந்து, பசுங்குடில் வாயு அனுமதியை மாநில ஆணையம் வழங்க வழிசெய்தது. எண்ணெய், ரசாயனத் தொழில்துறையினர் அதை ஆதரித்தனர். 2014 நவம்பரில் முகமையின் ஒப்புதல் நடைமுறைக்கு வந்தது.

மத்திய விதியே தவறு என்றால் ஏன் இணங்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. 2014 ஜூனில் உச்ச நீதிமன்றம் அந்த விதியின் ஒரு பகுதியைத் தள்ளுபடியும் செய்தது. பசுங்குடில் வாயுவை மட்டும் காரணம் காட்டி ஓர் ஆலையை அனுமதி வளையத்துக்குள் இழுக்க முடியாது என்றது. ஆனால் வேறு மாசுகளுக்காக எப்படியும் அனுமதி வாங்கும் ஆலைகளிடம் இந்த வாயுக்களுக்கும் கட்டுப்பாடு கேட்கலாம் என்று அனுமதித்தது. அதனால், நிலையான ஆலைகள் வெளியிடும் பசுங்குடில் வாயுவில் முகமை எட்ட நினைத்தது 86 சதவீதம் என்றால், 83 சதவீதம் அதன் பிடியிலேயே இருந்தது. விதியின் ஒரு பகுதி தள்ளுபடியான பலனும் வழக்காடியதால் வந்ததுதான். அனுமதி வேலையைக் கைவிட்டதால் டெக்சாஸுக்கு எதுவும் கூடுதலாகக் கிடைக்கவில்லை. மத்திய அரசு அனுமதி வேலையை எடுத்துக்கொண்டதை எதிர்த்து அது தொடுத்த வழக்கையும், வழக்காடும் தகுதி இல்லையென்று 2013-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளிவிட்டது. விதியைத் திருத்திக்கொண்டே அதை நீதிமன்றத்தில் எதிர்க்க எந்தத் தடையும் இல்லை.

ஆட்சி மாறினால் விதியும் மாறுகிறதே, மாநிலம் எத்தனை முறைதான் திருத்தும் என்பது அடுத்த ஆட்சேபம். பசுங்குடில் வாயுக்கள் மக்கள் நலனுக்குக் கேடு என்ற 2009-ஆம் ஆண்டு முடிவையே நீக்க 2025-ல் முகமை முன்மொழிந்தது உண்மை. இதற்கான விடையை டெக்சாஸின் 2013 சட்டத்திலேயே காணலாம். மத்திய சட்டம் இந்த அனுமதியைக் கேட்பதை நிறுத்தினால், மாநில ஆணையமும் தன் விதிகளை விலக்கிக்கொள்ள வேண்டும் என்று அது முன்கூட்டியே சொல்லிவைத்தது. வேறு திசையில் போக விரும்பும் மாநிலம், மேலே விதி தளர்ந்தாலும் தன் கடுமையான விதியைத் தொடர மத்திய சட்டமே இடம் தருகிறது. எப்படிப் பார்த்தாலும், சொந்த விதி வைத்திருக்கும் மாநிலத்துக்குத்தான் தேர்வு செய்யும் வாய்ப்பு இருக்கிறது. அனுமதி விதிகளைக் காலத்தோடு திருத்திக்கொள்வதும் மாநில உரிமையைக் காப்பதன் ஒரு பகுதியே.