பின்னால் நிற்கும் கிதார்

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கத்தில் திருவிழா என்றால் மெல்லிசைக் கச்சேரியும் உண்டு. பாடுகிறவருக்குக் கைதட்டல் கிடைக்கிறது. பின்னால் நின்று பேஸ் கிதார் வாசிப்பவரை யார் கவனிக்கிறார்கள்? அவர் கை நின்றால்தான் தெரியும். பாட்டு அந்தரத்தில் தொங்கும்! இளையராஜா பாட்டு என்றால் கேட்கவே வேண்டாம்.

முன்பு இந்த வேலைக்கு ஆள் உயர வாத்தியத்தைச் சுமந்தார்கள். தோளில் மாட்டும் மின்சார பேஸ் கிதாரை அமெரிக்காவில் லியோ பெண்டர் 1951-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கு 4 தந்திகள்.

இப்போது பையன்கள் 5 தந்தி கேட்கிறார்கள். பளபளப்பும் வேண்டுமாம். அதற்காகத் தகப்பனார் கடன் வாங்குவது சரியல்ல. கற்றுக்கொள்ள 4 தந்தி தாராளம். தந்தியின் நீளம் வழக்கமாக 34 அங்குலம். சின்னக் கைக்கு 30 அங்குலக் கிதாரும் உண்டு. கிதாரோடு செலவு தீராது. பெரிய ஒலிபெருக்கி வேண்டும். சின்னப் பெட்டியில் அடித்தந்தியின் நாதம் எழும்பாது.

முதலில் குழுவில் இருக்கும் பழைய கிதாரில் பழகட்டும். பிறகு, வாசிக்கத் தெரிந்தவரைக் கடைக்கு அழைத்துப் போகலாம். கழுத்து வளைந்திருக்கிறதா என்று அவர் பார்ப்பார். பையன் அதைத் தோளில் மாட்டி அரை மணி நேரம் நிற்கட்டும். எடை சுமார் 4 கிலோ. கச்சேரியோ 3 மணி நேரம்!